கூலாயில் வெந்த ஹைட்டிச் சோளம்

1

பறவைத் தீனிக் கடையில் நின்றுகொண்டு, "இது மனிதர் சாப்பிட" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜொகூர் மாநிலத்தில், நாங்கள் குடியிருக்கும் கூலாயின் சந்தைக்குப் பின்புறம் இருக்கிறது அந்தக் கடை. கூண்டு, தண்ணீர்க் கிண்ணம், மணி கோத்த குட்டி ஊஞ்சல் என்று ஒரு பறவை குடித்தனம் நடத்த வேண்டிய எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். வாசலில் தீனிச் சாக்குகள். அதில் ஒன்றில் முழுச்சோளம் இருந்தது. இந்த நாட்டில் சோளம் என்றால் மஞ்சள் மக்காச்சோளம்தான். அவித்து, வெண்ணெய் தடவிக் கோப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். நான் சொல்வது நம் கரிசல்காட்டு வெள்ளைச்சோளம். கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்தவன் அதைப் பார்த்தும் பாராததுபோல் போய்விட முடியாது. குனிந்து ஒரு கை அள்ளினேன். உமியை ஊதினேன். ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தும் பார்த்தேன்.

கடைக்காரச் சீனர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன பறவை, அங்கிள்? பாடுகிற மெர்பொக்கா, புறாவா?" என்று மலாயில் கேட்டார்.

"ஒரே ஒரு பறவைதான். கொஞ்சம் பெரியது. கனடாவிலிருந்து வந்திருக்கிறது. சரியாகவே சாப்பிட மாட்டேன் என்கிறது."

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "புது இடம் என்றால் அப்படித்தான். பக்கத்தில் நின்று உற்று உற்றுப் பார்க்காதீர்கள். பசித்தால் அதுவே கொத்தும்."

நல்ல யோசனைதான். ஆனால் என் மகளுக்கு இருபத்தைந்து வயது.

2

மகள் கயல்விழி மாண்ட்ரியலில் மேல்படிப்புப் படிக்கிறாள். படித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதுவதா, படிக்கிறாள் என்று எழுதுவதா என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது தீராமல் கிடக்கிற ஒரே பிரச்சினை.

போன குளிர்காலத்தில் அவளுக்கு வயிற்று வலி வந்திருக்கிறது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள். எங்களோடு தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டேன்பா, நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னாள். குடல்வால் வெடித்துவிட்டது. அவள் வாடகைக்கு இருந்த மாடியறையின் வீட்டுக்காரம்மாதான் கம்பளிக் கோட்டைச் சுற்றி, டாக்சியில் ஏற்றி, பனியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ரோஸ்லின் என்று பெயர். ஹைட்டி நாட்டுக்காரர். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

கைப்பேசி மினுங்கியது. பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி மட்டும் தெரிந்தது.

"அப்பா, எல்லாம் முடிஞ்சிருச்சு."

தமிழில் இதை எந்த வீட்டிலிருந்து, எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கயலுக்குத் தெரியாது. நான் ஈரச் சாரத்தைக் கையில் பிடித்தபடி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரையைத் திறக்க விரல் வழுக்கி வழுக்கி, கடைசியில் மிச்சத்தைப் படித்தேன். "ஆபரேஷன். நான் ஓகே. பயப்படாதீங்க. அம்மாகிட்ட மெதுவா சொல்லுங்க."

என் மனைவி விமலா முதலில் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள். "அவ தமிழ் அவ்ளோதாங்க. அதுக்குப் போயி இப்படி ஒக்காந்துட்டீங்களா? முழுசா படிக்க வேணாமா?"

முழுசாகப் படித்தும் எனக்கு இன்னும் சரியாகவில்லை. இப்போதும் கைப்பேசி மினுங்கினால் முதலில் நாற்காலியைத் தேடுகிறேன். மின்சார வாரியத்தின் விளம்பரச் செய்தியைக்கூட நான் உட்கார்ந்துதான் படிக்கிறேன்.

உடனே புறப்படலாம் என்றால், நான் இங்கே நிரந்தரவாசி, என் அடையாள அட்டை சிவப்பு. விமலாவும் கயலும் குடிமக்கள், அவர்கள் அட்டை நீலம். என் கடவுச்சீட்டோ இந்தியா. மூன்று பேர் குடும்பம், எந்தக் கவுண்டருக்குப் போனாலும் இரண்டு வரிசை. கனடா விசாவுக்கு விரல் ரேகை கொடுக்க எனக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். போகும் காரணம் என்ற இடத்தில் 'மகளுக்குச் சமைத்துப்போட' என்று எழுதினேன். விமலா அதை அடித்துவிட்டு 'குடும்பம்' என்று எழுதினாள். கடைசியில் என் ரேகையை எடுப்பதற்குள் கயலுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். அவளே விமானம் ஏறி வந்துவிட்டாள்.

வந்தவள் எலும்பாக வந்தாள். பல்கலைக்கழகம் மருத்துவ விடுப்புக் கொடுத்திருக்கிறது. அடுத்த பருவத்துக்குத் திரும்பி வருகிறாளா, படிப்பை விடுகிறாளா என்று மாதக் கடைசிக்குள் அவள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

நான் ஒரு தடவைகூட "போகாதே" என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே சொல்ல அப்பாக்களுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. சும்மா காற்று வாங்கலாம் என்று காரில் ஏற்றி, செடெனாக் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் புதிதாக எழும்புகிற கணினித் தரவு மையக் கட்டடங்களைக் காட்டினேன். "உன் படிப்புக்கு இனிமே இங்கேயே வேலை கொட்டிக் கிடக்கும் போல" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

3

சாப்பாடுதான் கவலை. இட்லியில் பாதி. தோசையில் கால். அவளுக்குச் சின்ன வயதில் உயிரான நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப் பால் சோறு, வாங்கி வந்தால், வாழை இலையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள்.

சமையல் என் பொறுப்பு. விமலா சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் தாதி. விடியுமுன் பேருந்து ஏறி எல்லை தாண்டிப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவள். நான் செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தேன். தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. நான் பெயரவில்லை. வாழ்நாளில் ஒருமுறை பெயர்ந்தது போதும் என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் மாலை கயல் சொன்னாள்: "மதாம் செய்ற பிட்டிமி இருந்தா சாப்பிடுவேன்பா."

மதாம் என்றால் அந்த வீட்டுக்காரம்மா. பிட்டிமி என்றால் பீட்சாவுக்கு ஏதோ சொந்தம் என்று நினைத்தேன். கைப்பேசியில் படம் காட்டினாள். பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

சோளச்சோறு.

ஊரை விட்டுப் போனவர்கள் வறுமையை விட்டுப் போனார்கள், சாதியை விட்டுப் போனார்கள், கடனை விட்டுப் போனார்கள். நான் குறிப்பாகச் சோளச்சோற்றை விட்டுப் போனவன். தொண்டையில் அரைமணி நேரம் நின்று யோசித்துத்தான் கீழே இறங்கும் அது. எங்கள் வீட்டில் விருந்தாளியின் சைக்கிள் மணி கேட்டால் சோற்றுப் பானை மேல் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, அவசரமாக அரிசி உலை வைப்பார்கள். நான் படித்து ஆளாகிவிட்டேன் என்பதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அடையாளம் ஒன்றுதான்: மூன்று வேளையும் அரிசி. நான் கடல் தாண்டி வந்தேன். அது பின்னாலேயே வராமல் வேறு பக்கமாக உலகத்தைச் சுற்றிப் போய், மாண்ட்ரியலில் என் மகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மதாமைக் காணொளியில் அழைத்தோம். இங்கே காலை என்றால் அங்கே முந்தைய நாள் மாலை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை என்பது திரையில் முகம் வருவதற்கு முன் குரலிலேயே தெரிந்தது. தலையில் பூப்போட்ட துணியைக் கட்டியிருந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, பிரெஞ்சில் தாவி, தம் ஊர்ப் பேச்சான கிரியோலில் போய் நிற்பார். கயல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அதனால் இந்தக் கட்டுரையில் மதாம் பேசுகிற தமிழ் கயலுடையது. 'மிஸ்யே' என்றால் ஐயா, அதாவது நான்.

"மிஸ்யே, நல்லா கழுவுங்க. தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும். அவசரப்படுறவங்க கல்லுதான் சாப்பிடுவாங்க."

முழுச்சோளத்தை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி இலை, கொஞ்சம் தைம் இலை எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, எண்ணெயில் வதக்க வேண்டும். அதில் தேங்காய்ப் பாலும் தண்ணீரும் ஊற்றி, இரண்டு கிராம்பு போட்டு, சோளத்தைக் கொட்டி, மேலே ஒரு முழு மிளகாயை வைத்து மூடிவிட வேண்டும். கூடவே பாதி வெந்த முழுத்துவரை.

"துவரையா?" என்றேன். "சோளத்தோட துவரையா?"

"ஏன், புடிக்காதா?"

"அதுக்கில்ல. எங்க ஊர்ல சோளம் விதைச்சா நடுநடுவுல துவரையும் ஒரு சால் போடுவாங்க."

மதாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு நெருக்கமாக வந்தார். "எங்க மலையிலயும் அப்படித்தான்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஸ்யே, ஒன்னு சொல்றேன். எங்கப்பாவுக்கு டவுன்ல ஆபீஸ் உத்தியோகம். யாராச்சும் விருந்துக்கு வந்தா பிட்டிமிச் சட்டிய கட்டிலுக்கு அடியில தள்ளிடுவோம். மேசைக்கு அரிசிச் சோறுதான் வரும்."

"நாங்க முறத்தைக் கவுத்து மூடுவோம்," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்தே போய்விட்டது. உடனே கயல் அவருடைய மொழியில் ஏதோ சொல்லி, இரண்டு பேருமாக வேறொரு சிரிப்புச் சிரித்தார்கள். அது எனக்குப் புரியவில்லை. என் மகள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்தேன். நான் பெற்ற பிள்ளைக்கு உடம்பு முடியாதபோது சோறு போட்டவர் என்று ஒருவரை நன்றியோடு பார்க்கத்தான் வேண்டும். பார்த்தேன். நன்றிக்கு அடியில் மிளகாய் மாதிரி ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதிலிருந்துதான் என் திட்டம் பிறந்தது. மாண்ட்ரியலில் இருப்பதும் கூலாயில் இல்லாததும் இந்த ஒரு சோறுதானே? அதையும் இங்கேயே ஆக்கிவிட்டால், அங்கே போக என்ன காரணம் மிஞ்சும்?

விமலா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "சோளத்த வச்சுப் புள்ளைய புடிச்சிப் போட பாக்குறீங்க. எலிக்குக் கருவாடு வைக்கிற மாதிரி."

4

பறவைக் கடைச் சோளத்தை விமலா வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

"அலமாக், ஐயையோ! புறாவுக்கு விக்கிறதயா ஆபரேஷன் பண்ண புள்ளைக்கு ஆக்கப் போறீங்க? பூச்சி வராம இருக்க அதுல என்னத்த கலந்து வச்சிருக்கானுங்களோ!"

பொட்டலம் அப்படியே குப்பைக்குப் போனது. கூலாயில் தமிழர் மளிகைக்கடையில் சுத்தம் செய்த சோளம் பொட்டலமாகக் கிடைத்தது. கடைக்காரத் தம்பி என்னை இரக்கமாகப் பார்த்தார். "இனிப்புநீரா அண்ணே? உங்களுக்கா, அண்ணிக்கா?" சர்க்கரை நோயை இங்கே இப்படித்தான் அழகாகச் சொல்வார்கள். சோளம் வாங்குகிறவன் ஒன்று பறவை வளர்ப்பவன், இல்லாவிட்டால் நோயாளி. இரண்டுமில்லாமல் ஹைட்டிச் சமையல் என்று விளக்கினால் பின்னால் வரிசை நீளும். "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சட்டியை நான் கெடுத்தது அறியாமையினால் அல்ல, கைப்பழக்கத்தினால். மதாம் சொன்ன குண்டு மிளகாய் இங்கே சந்தையில் அகப்படவில்லை. அதற்குப் பதிலாகச் சின்ன ஊசி மிளகாய், சிலி பாடி என்பார்களே, அதில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஒரு பெரிய மிளகாய்க்கு ஐந்து சின்ன மிளகாய், நியாயமான கணக்குத்தானே? கழுவினேன். காம்பைக் கிள்ளினேன். பிறகு என் கை, என்னைக் கேட்காமலே, ஐந்தையும் நடுவில் கீறியது. நம் வீட்டில் பிறந்த கை கீறாமல் ஒரு மிளகாயைப் பாத்திரத்தில் போட்டதாக உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

கயல் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். விக்கல் வந்தது. கண்ணீர் வந்தது. விமலா தண்ணீர் கொடுக்கப் போனவள், தானும் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டாள்.

மறுநாள் காலை விசாரணை நடந்தது.

"மிளகாய ஏன் வெட்டுனீங்க, மிஸ்யே?"

"வெட்டலை. கீறினேன்."

"ஏன் கீறுனீங்க?"

"கீறாம எண்ணெயில போட்டா வெடிக்கும்."

"எண்ணெயிலயா போட்டீங்க?"

இல்லை. தேங்காய்ப் பாலில் மிதக்கிற சோளத்தின் மேல்தான் போட்டேன். வாத்தியாரம்மா முன் நின்று பதில் தெரியாமல் முழித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"மிளகா மேல சும்மா படுத்திருக்கணும். தூங்குற புள்ள மாதிரி. வாசம் மட்டும்தான் நமக்கு வேணும். நீங்க போயி எழுப்பி விட்டுட்டீங்க," என்றார் மதாம். அதை மொழிபெயர்க்கும்போது என் மகள் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டாள்.

5

பிள்ளைகள் விலகிப் போவது கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்தபடியே நடக்கிறது. கயல் என்னிடம் தமிழில், அம்மாவிடம் பாதித் தமிழ் பாதி மலாயில், தோழிகளிடம் ஆங்கிலத்தில், மதாமிடம் கிரியோலில் பேசுவாள். தூக்கத்தில் எதில் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. மதியத்தில் அவள் கண்ணயர்ந்தால் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க அவள் அறை வாசல் வரை போவேன். ஒரு நாள் அப்படி நிற்கும்போது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அப்பா, உயிரோடதான் இருக்கேன்."

"தெரியும். காத்தாடி ஓடுதான்னு பாக்க வந்தேன்."

"ஓடுது."

நான் போகவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. "ஜொகூர்லயே நல்ல நல்ல பல்கலைக்கழகம் இருக்கும்மா. விட்ட இடத்துலேருந்து இங்கேயே தொடரலாமாம். விசாரிச்சேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன்.

"நான் இங்க இருந்தா நீங்க என்னைப் பாத்துக்கிட்டே இருப்பீங்கப்பா."

"அதுல என்னம்மா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லப்பா. ஆனா நான் வாயில வைக்கிற ஒவ்வொரு வாயையும் நீங்க பாக்குறீங்க. முழுங்கிட்டேனான்னு பாக்குறீங்க. எனக்குத் தொண்டை அடைச்சிக்குது லா."

நான் காத்தாடியைப் பார்த்தேன். உண்மையாகவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

6

இரண்டாவது சட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றினேன். மிளகாய்களைக் கீறாமல் படுக்க வைத்தேன். மூடிவிட்டேன். பிறகு திறந்து பார்த்தேன். தரப் பரிசோதகன் திறக்காமல் எப்படி இருப்பான்? மறுபடி மூடினேன். மறுபடி திறந்து ஒரு கிண்டு கிண்டினேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். இப்படியே அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொண்டிருந்தபோது வானம் உடைந்து மழை கொட்டியது. ஜொகூர் மழை தூறிக் கேட்டுவிட்டு வருவதில்லை. பின்பக்கம் கொடியில் துணி. ஓடினேன். சாரம், துண்டு, விமலாவின் தாதி உடுப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு திரும்பினால், அடுப்படியில் காந்தல் வாசனை.

அடிப்பிடித்துவிட்டது!

நம் வீடுகளில் இது எப்பேர்ப்பட்ட சொல் என்று தெரியும் உங்களுக்கு. ஒரு ஆள் பத்து விருந்து நன்றாகச் சமைத்திருக்கலாம். ஒரு நாள் அடிப்பிடித்தால் ஊர் அதைத்தான் பேசும். மேலாக இருந்த நல்ல சோற்றைப் பதவிசாகக் கரண்டியால் வழித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். விமலா பார்ப்பதற்குள் சட்டியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். 'சுர்ர்' என்று ஒரு சத்தம்.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. வீடு வந்த பிறகு கயல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"அப்பா! கிராத்தேன் வாசம்! எங்க? எங்க?"

"என்ன தேன்?"

அவள் குழாயடியில் எட்டிப் பார்த்தாள். சட்டிக்குள் பழுப்பாக, தகடாக ஒட்டியிருந்த அடிச்சோறு தண்ணீரில் ஊறி மேலெழும்பிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்திட்டீங்களா?"

"கருகிடுச்சும்மா. நல்ல சோறு இங்க தனியா வச்சிருக்கேன். இதுல காந்தல் வாசனையே இல்ல, பாரு."

அவள் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். "அதுதான்பா சாப்பாடே! அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சிக்குவாங்க!" என்றாள். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

விமலா சத்தம் கேட்டு வந்துவிட்டாள். மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தோம். கயல் அப்போதுதான் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் எதுவும் இறங்கவில்லையாம். கஞ்சி வேண்டாம், சூப் வேண்டாம். மதாம் ஒன்றும் பேசாமல் ஒரு நாள் சட்டியைக் கொண்டுவந்து அவள் முன் தரையில் வைத்திருக்கிறார். மேல்சோறு எல்லாம் எடுத்தாகிவிட்டது. அடியில் பிடித்த தகடு மட்டும். ஒரு கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாராம். அந்த வீட்டில் அதற்கு எப்போதும் சண்டை நடக்கும். அன்றைக்கு ஒருவரும் பங்கு கேட்கவில்லை.

"சுரண்டிச் சுரண்டி முழுசையும் சாப்பிட்டேன்பா. யாரும் பாக்கல."

விமலா எழுந்து போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"இந்த அடிச்சோத்த கெராக்னு சொல்லுவாங்க மலாய்க்காரங்க," என்றாள் விமலா. "நான் வளந்த தோட்டத்துல நாங்ககூட அரிசிச் சோத்துல சண்ட போட்டுத் திம்போம். உங்களுக்குத்தாங்க அது கௌரவக் கொறச்சல்."

7

மூன்றாவது சட்டி அடுத்த ஞாயிறு. மதாம் தம்முடைய சனிக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கிவிட்டு, கைப்பேசித் திரையில் உப்பு ஜாடி மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுவினேன், வதக்கினேன், ஊற்றினேன், மிளகாய்களைத் தூங்க வைத்தேன். மூடினேன். கை மறுபடி மூடிக்குப் போனது.

"மிஸ்யே!"

எடுத்துக்கொண்டேன்.

"தீய சின்னதாக்குங்க. இப்ப அங்கேருந்து போங்க."

"கருகிட்டா?"

"கருகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுப்பு இங்கல்ல இருக்கு?"

கயல் இதை மொழிபெயர்த்தாள். மதாம் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னதை அவள் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "நீங்க பக்கத்துல நின்னா அடி புடிக்கவே புடிக்காதாம். கிண்டிக்கிட்டே இருப்பீங்களாம். எங்கயாச்சும் போயி உக்காரச் சொல்றாங்க."

விமலா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படி வாசலில் காவல் நின்றாள். "போங்க. கார்கிட்ட போயி ஒக்காருங்க. கூப்பிடுறேன்."

வாசலில் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர் வீட்டு மலாய்க்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, "மனைவி வெளியே தள்ளிவிட்டாரா?" என்று கேட்டார். இரண்டு மனைவிமார் அளவுக்குத் தள்ளிவிட்டார்கள் என்றேன். முதலில் தேங்காய்ப் பால் வாசனை வந்தது. பிறகு பூண்டு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் கொடுமை. அதற்கப்புறம் வறுபட்ட வாசனை மெதுவாக ஏறியது. என் உடம்பில் இருக்கிற அத்தனை நரம்பும் 'எழுந்து ஓடு, இறக்கு' என்றது. தொழிற்சாலையில் இந்த வாசனைக்கு நான் மொத்த வரிசையையும் நிறுத்தியிருப்பேன். நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்த பிறகுதான் போனேன்.

மேல்சோறு தட்டுகளில் இருந்தது, உதிரி உதிரியாக, நடுநடுவே துவரை. சட்டியைக் கயல் தரையில் வைத்துக்கொண்டு கரண்டியின் விளிம்பால் நெம்பிக்கொண்டிருந்தாள். பொன்னிறத்தில் ஒரு தகடு முழுசாகப் பெயர்ந்து வந்தது. உடைத்து அம்மாவுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. கடித்தேன். மொறுமொறு என்று, எண்ணெயும் தேங்காயும் புகையும் கலந்த ருசி. நான் பயந்து ஓடிய சோறு இது இல்லை. அதுவாக இருந்தால் தொண்டையில் நின்றிருக்கும்.

கயல் சாப்பிட்டாள். நான் பார்க்கவில்லை. சிங்க்கில் கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லாதபோதும் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கரண்டி சட்டியைச் சுரண்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. பிறகு தட்டில் மேல்சோறும் போட்டுக்கொண்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். என் திட்டம் பலித்துவிட்டது என்று தெரிந்தது. எந்தப் பக்கமாகப் பலித்தது என்பதும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. இப்படிச் சாப்பிடுகிறவளை யாரும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

"அப்பா."

திரும்பினேன். வாயோரத்தில் ஒரு சோளம். முகத்தில் பழைய நிறம்.

"மெயில் இன்னைக்கு அனுப்பணும். வர்றேன்னு எழுதட்டுமா?"

விமலா கரண்டியைக் கீழே வைத்தாள். உப்பு ஜாடி மேல் சாய்ந்திருந்த மதாமுக்கு மொழி புரியாவிட்டாலும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. செடெனாக் கட்டடங்கள் இருந்தன. ஈரச் சிமெண்டுத் தரை இருந்தது. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"விமானத்துல சீட் பெல்ட்டைத் தையல் மேல அழுத்திக் கட்டாதே. கீழ தள்ளிக் கட்டு. நடுவுல எழுந்து நட. பெட்டியை நீயே மேல தூக்கி வைக்காதே, யார்கிட்டயாவது கேளு. கேக்குறதுக்கு வெக்கப்படாதே. வயிறு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, சாப்பிட்டேன் நல்லா இருக்கேன்னு சொல்லாதே. எங்ககிட்ட சொல்லலேன்னாலும் பரவாயில்ல, அந்தம்மாகிட்ட சொல்லு. உடனே சொல்லு."

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"மிஸ்யே என்ன சொல்றார்?" என்று திரையிலிருந்து மதாம் கேட்பது எனக்கே புரிந்தது.

கயல் என்னைப் பார்த்தபடியே அவருக்குப் பதில் சொன்னாள். நான் பேசியதற்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது, இரண்டு சொல்லோ மூன்று சொல்லோ. மதாம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா சொன்னே அவங்ககிட்ட?"

"நீங்க சரின்னு சொன்னீங்கன்னு சொன்னேன்பா."